பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்

நோன்பு மாதத்தில் எங்கள் சனங்களுக்கு வருத்தம் வருவதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது. பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்ல வேண்டும், நோன்பு திறக்கப் பேரீத்தம்பழம் வாயில் வைக்க வேண்டும், கஞ்சி குடிக்க வேண்டும், தொழ வேண்டும். அதற்குப் பிறகுதான் நெஞ்சு நோகும், தலை சுற்றும், பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறும். பகல் முழுக்க எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் ஈ ஓட்டிக்கொண்டு இருப்போம். பாங்கு சொல்லிக் கொஞ்சம் ஆனதும் ஓட்டோக்கள் வரிசையாக வந்து நிற்கும். "எப்பயில இருந்து?" என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான். "விடியத்துல இருந்து டொக்டர்." விடியத்தில் இருந்து நெஞ்சு நொந்த மனிதர் பாங்கு வரைக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டில் சாய்ந்திருந்திருக்கிறார். ஊசி போட்டால் நோன்பு முறிந்துவிடுமாம்.

நான் வெளியூர்க்காரி என்றால் இதைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாம். நான் இந்தக் கரையோரத்திலேயே பிறந்து, இங்கேயே குர்ஆன் மதறஸாவில் ஓதி, இங்கேயே கலியாணம் முடித்து, இங்குள்ள வைத்தியசாலை ஒன்றிலேயே வேலை செய்கிறவள். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர்களே இந்தச் சனங்கள்தான். ஓதிக் கொடுக்கும்போது தெரிந்தது, தங்களுக்கு என்று வரும்போது மட்டும் எப்படித்தான் மறந்து போகிறதோ! அதனால் எனக்கு வரும் கோபம் இரண்டு மடங்கு. வீட்டில் கணவர் சொல்வார், நோன்பு வந்தால் எனக்குப் பசியால் கோபம் வருகிறது என்று. பசியால் இல்லை. பசியை நான் தாங்குவேன். தாங்க முடியாதது வேறு.

நான் சொல்ல வந்த பிள்ளையை முதன்முதலில் கண்டது நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முந்தி. வயல்களில் வேளாண்மை வெட்டு நடந்துகொண்டிருந்த காலம். வெட்டு மெசின்கள் இறங்கினால் எங்கள் பக்கத்துக் காற்றில் ஒரு மாதத்துக்குத் தூசிதான். அது அடங்கும் முன்னே வைக்கோலுக்கு நெருப்பு வைப்பார்கள். பிள்ளையின் வாப்பாவுக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல். வயலில் நின்ற சாரத்தோடும் சேர்ட்டோடும் வந்து பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்திருக்கிறார். அந்த உடுப்பை உதறினால் அரைக் கொத்து உமி கொட்டும் போல இருந்தது. பிள்ளை ஒல்லி, பத்து வயதுதான் இருக்கும், கண் மட்டும் பெரிது. மூச்சு இழுக்க இழுக்கத் தொண்டைக் குழி உள்ளே போய் வந்தது. எங்கள் பக்கத்தில் இந்த ஆஸ்துமா வருத்தத்துக்கு முட்டு என்று பெயர். பெயரைச் சொல்லும்போதே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

"புகை மட்டும் புடிச்சு விடுங்க டொக்டர். வேற ஒண்டும் வேணாம்" என்றார் உம்மா. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவர், முப்பது முப்பத்தைந்து வயது, சுறுசுறுப்பான பெண்.

மருந்தை ஆவியாக்கி முகமூடியால் கொடுக்கும் மெசினைத்தான் எங்கள் சனங்கள் புகை என்பார்கள். அதன் மேல் இவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை இருக்கிறதே! மெசின் உறுமினால், வெள்ளையாக ஏதாவது கிளம்பினால், வைத்தியம் நடக்கிறது என்று நெஞ்சு நிறைந்துவிடும். அதே மருந்துதான் கைக்குள் அடங்கும் நீலப் பம்பிலும் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் குடுவையில் பொருத்தி, பம்பை அமுக்கி, பிள்ளையை மெதுவாக இழுக்கச் சொன்னால் வீட்டிலேயே வேலை முடிந்தது. ஆனால் பம்ப் சத்தம் போடாது, பெரிதாகப் புகையாது. ஆகவே அது மருந்து இல்லை.

நான் அன்றைக்குப் புகையும் பிடித்துவிட்டு, பிள்ளை தெளிந்த பிறகு, இரண்டு பம்புகளை எடுத்து மேசையில் வைத்தேன். நீலம் முட்டு வந்தால் உடனே. கபில நிறம் முட்டு வராமல் இருக்க, தினமும். உம்மா அந்த இரண்டையும் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"பம்ப் வேணாம் டொக்டர். பழகிப் போயிடும். பொறகு அது இல்லாம மூச்சு விட ஏலாமப் போயிடும்."

"மூச்சு விடுறதும் பழக்கம்தான் தங்கச்சி. பொறந்ததுல இருந்து பழகிட்டம். அதையும் விட்டுருவமா?"

பக்கத்தில் நின்ற தாதி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். உம்மா சிரிக்கவில்லை. கொஞ்சம் கிட்ட வந்து, வாப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"பொம்புளப் புள்ள டொக்டர். நாளைக்கு ஒரு இடத்தால பேசி வரக்குள்ள, பம்ப் புடிக்கிற புள்ள எண்டு ஒரு கதை வந்திட்டா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து வயதுப் பிள்ளை! எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்த அன்றே பெற்றோர் வீட்டுக்கு அத்திவாரம் போடுவதைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார்கள். மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. இந்தப் பிள்ளைக்கும் தங்கள் வளவுக்குள்ளேயே நாலு சுவர் எழும்பி நிற்கிறது என்று வாப்பா பெருமையாகச் சொல்லியிருந்தார். வீட்டைக் கட்டுகிறார்கள், அதில் இருக்கப்போகிறவளின் மூச்சை மட்டும் மறைக்கிறார்கள். நான் சத்தம் போட்டேன். சத்தம் போட்ட பிறகு, திரும்பவும் பொறுமையாக, பம்பைக் குலுக்குவது எப்படி, குடுவையை வாயில் வைப்பது எப்படி, எல்லாம் செய்து காட்டினேன். பிள்ளை உடனே பிடித்துக்கொண்டாள், சூட்டிகையான பிள்ளை. உம்மா எல்லாவற்றுக்கும் "ஓம் டொக்டர், ஓம் டொக்டர்" என்றார்.

எங்கள் சனங்களின் அந்த ஓம் இருக்கிறதே, அதைக் கேட்டால் ஒரு வைத்தியர் சந்தோசப்படக் கூடாது. நீங்கள் கதைத்து முடியுங்கள், நாங்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் அதன் கருத்து.

கொஞ்ச நாளில் பிள்ளை திரும்பவும் வந்தாள். வியாழக்கிழமை மஃரிபுக்கு வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டிருக்கிறார்கள். "பம்ப் எங்க?" என்று கேட்டேன். "அலுமாரிக்குள்ள பத்திரமா இரிக்கி டொக்டர்" என்றார் உம்மா. அதைச் சொன்ன குரலில் ஒரு திருப்தி வேறு! கலியாணச் சேலைகளுக்கு அடியில், பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டு வைத்திருக்கிறாராம், வருகிறவர் போகிறவர் கண்ணில் படாமல். தீயணைக்கிற தண்ணீரைப் பெட்டியில் பூட்டி வைத்த மாதிரி. நான் தலையில் அடித்துக்கொள்ளாதது ஒன்றுதான் குறை. திரும்பவும் முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "ஓம் டொக்டர்."

பிறகு நோன்பு வந்தது.

அன்றைய நாளைப் பற்றிச் சொல்வதற்கு முன் இன்னொன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் நடந்தது விளங்காது. அன்று எனக்கு நோன்பு இல்லை. மாதத்தில் சில நாட்கள் பெண்களுக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. அது மார்க்கம் தந்த விடுப்பு, விட்ட நோன்பைப் பிறகு வேறு நாளில் பிடித்துக் கழாச் செய்துகொள்ளலாம். எல்லோருக்கும் தெரிந்த விசயம். ஆனால் எங்கள் ஊரில் எந்தப் பெண்ணாவது அந்த நாட்களில் பகலில் ஒரு மிடறு தண்ணீரை ஆட்கள் பார்க்கக் குடித்திருக்கிறாளா? குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, விக்கினாலும் இருமாமல் விழுங்குவோம். பிள்ளைகள் "உம்மா நோம்பா?" என்று கேட்டால் "ஓம்" என்போம். விடியுமுன் சஹருக்கு எழும்பி எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட்டு, நோன்பு பிடிப்பது போல் நடிப்போம். நானும் அப்படித்தான். படித்தவள், வைத்தியர், பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றி வகுப்பு எடுக்கிறவள், மருந்துகள் வைக்கும் சிறிய அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டு போத்தலில் தண்ணீர் குடிப்பேன். வெளியே காவல் நிற்பது பக்கத்து ஊரான காரைதீவில் இருந்து வரும் தாதி.

அவர் இந்துப் பெண், என்னைவிட மூத்தவர். நோன்பு மாதத்தில் பின்நேர வேலையை அவரே கேட்டு வாங்குவார், எங்கள் ஆட்கள் நோன்பு திறக்கட்டும் என்று. என் தண்ணீர்க் கதை அவருக்குத் தெரியும். "டொக்டர், ஒருத்தரும் இல்ல, குடிங்க குடிங்க" என்பார் கதவுக்கு வெளியே நின்று. ஒருதரம் கேட்டும் இருக்கிறார். "ஏன் டொக்டர் இப்பிடி ஒளிக்கிறீங்க? அல்லாவே விட்டிருக்கிறார் எண்டு நீங்கதானே சொன்னீங்க?" நான் போத்தலை மூடினேன். அல்லாஹ் விட்டிருக்கிறான், ஊர் விடவில்லையே!

அன்றும் பாங்கு நேரத்தில் மேசையில் பேரீத்தம்பழமும் கஞ்சியும் ரோல்ஸும் வந்திருந்தன. பாங்கு தொடங்கியது. நானும் மற்றவர்களோடு இருந்து, பகலெல்லாம் காய்ந்து கிடந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு, பழத்தைக் கையில் எடுத்தேன். அந்த நேரத்தில் எங்கள் தெருக்களில் ஒரு ஈ குஞ்சு இருக்காது. அதனால் மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமிக்கொண்டு வாசல் வரைக்கும் ஏறி வந்த சத்தம் எல்லோரையும் எழுப்பிவிட்டது.

வாப்பாவின் கையில் பிள்ளை. பின்னால் உம்மா, ஒரு காலில் செருப்பு இல்லை. பிள்ளையின் தலை வாப்பாவின் தோளில் கிடந்தது. உதடு வாழைப்பூ நிறம். என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், ஒரு சொல்லும் வரவில்லை. கட்டிலில் வைத்ததும் தாதி விரலை அவள் வாய்க்குள் விட்டு எதையோ தோண்டி எடுத்தார். பார்த்தால் பேரீத்தம்பழம். மூச்சுக்குப் போராடுகிற பிள்ளையின் கன்னத்துக்குள் பழத்தை வைத்து, நோன்பைத் திறக்க வைத்துவிட்டுக் கொண்டு வந்திருக்கிறார்கள். தொண்டைக்குள் போயிருந்தால் உயிரை எடுக்க அதுவே போதும்.

நெஞ்சில் குழாயை வைத்தேன். முட்டு உள்ள பிள்ளையின் நெஞ்சில் விசில் கேட்க வேண்டும், பூனை கத்துவது போல ஏதாவது கேட்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் இருப்பவர்கள் அப்போது, "இப்ப சத்தம் கொறஞ்சிட்டு, நல்லமாத்தான் இரிக்கி" என்று நினைப்பார்கள். சத்தம் போடக்கூடக் காற்று இல்லாத நேரம் அது.

பிறகு கதைக்க நேரம் இருக்கவில்லை. ஒட்சிசன். மருந்தை ஒட்சிசனிலேயே ஆவியாக்கி, ஒன்று முடிய மற்றது, நிறுத்தாமல். தாதி கையில் நரம்பைத் தேடினார், பகல் முழுக்கத் தண்ணீர் படாத உடம்பு, நரம்பு நூல் மாதிரி ஒளித்துக்கொண்டது. "வா மனே, வா, எங்க போறாய்" என்று நரம்போடு கதைத்துக்கொண்டே பிடித்துவிட்டார். ஸ்டெரோயிட் ஊசி போனது. போதாது என்று தெரிந்ததும் மக்னீசியம், சேலைனில் கலந்து மெதுவாக. குழந்தை வைத்திய நிபுணரை அழைத்தோம். பிள்ளையின் கண் மட்டும் முகமூடிக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. களைத்துப் போய்க் கண்ணை மூடுகிறாளா என்று நான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். "மகள், என்னப் பாரு. என்னப் பாரு." யா அல்லாஹ், இந்தப் பிள்ளையை நீ எடுத்தால் நான் யாரோடு சண்டை பிடிப்பேன் என்று மனதுக்குள் கேட்டேன். அது துஆவா என்று எனக்குத் தெரியாது.

கொஞ்சம் கொஞ்சமாக உதட்டின் நிறம் மாறியது. குழாயை வைத்துக் கேட்டேன். தூரத்தில் ஒரு கீச்சு. திரும்பவும் வைத்தேன், இரண்டு பக்கமும் கீச்சு. பிறகு குழாய் இல்லாமலே கேட்கத் தொடங்கியது. உம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "றப்பே, திரும்பியும் இழுக்குதே!" நானும் தாதியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அந்தச் சத்தத்துக்காகத்தானே இவ்வளவு நேரமும் நின்றோம்.

அப்போதுதான் எனக்குக் கேட்க வாய் வந்தது.

"எப்பயில இருந்து?"

உம்மா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா நிலத்தைப் பார்க்க, உம்மாவே சொன்னார்.

"பகல் லுஹருக்குப் பொறகு கொஞ்சமா இழுத்திச்சி டொக்டர். பம்ப் அடிப்பமா எண்டு கேட்டன். நோம்பு முறிஞ்சிடும் வேணாம் எண்டுட்டா மகள். ஒராள் முறியும் எண்டுற, ஒராள் முறியாது எண்டுற, நமக்கு என்ன தெரியும். பின்நேரம் அசரோட கூடிட்டு. இவரும் சொன்ன, கொண்டு போவம் எண்டு. பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தானே எண்டு நான்தான்…"

"ஒரு நோம்பும் விடல்ல டொக்டர் இதுவரைக்கும்" என்றார் வாப்பா. "சாச்சிட மகள் ரெண்டு விட்டுட்டா. இவ ஒண்டும் விடல்ல."

சொல்ல நிறைய இருந்தது, எதை முதலில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு நோன்பு கடமையே இல்லை. கடமையான பெரியவருக்கும் வருத்தம் வந்தால் விடலாம். முறிந்தால்தான் என்ன, உயிர் முறிவதை விடவா? எங்கள் ஊரில் பிள்ளைகளை நோன்பு காலத்தில் கண்டால் சனங்கள் கேட்கும் முதல் கேள்வி, "இண்டைக்கு நோம்பா?" என்பதுதான். கடைக்காரர் கேட்பார், ஓதிக் கொடுக்கிறவர் கேட்பார், மாமிமார் கேட்பார்கள். பெருநாள் அன்று கேள்வி மாறும், "எத்தின நோம்பு புடிச்ச?" பிள்ளைகள் என்ன செய்யும்! "சொகமா இரிக்கயா?" என்று ஒரு வாய் கேட்காது.

நான் கத்தத் தொடங்கும் நேரத்தில் பிள்ளை முகமூடிக்குள் ஏதோ முனகினாள். உம்மா குனிந்து காதை வைத்தார்.

"உம்மா… நோம்பு?"

"முறியல்ல மகள்" என்றார் உம்மா, அவள் தலையைத் தடவிக்கொண்டு. "பாங்கு சொல்லித்தானே பழம் தந்த நான்? ஒண்ட நோம்பு முழு நோம்பு."

பிள்ளை சிரித்தாள். மரணத்தின் வாசலில் இருந்து வந்த பிள்ளை, அந்த ஒரு சொல்லுக்காகச் சிரித்தாள். எனக்குச் சுவரில் எதையாவது எறிய வேண்டும் போல இருந்தது.

"நோம்பு முழுசு. புள்ள அரை உசிரு" என்றேன். உம்மா தலையைக் குனிந்துகொண்டார். காரைதீவுத் தாதி என் முழங்கையைத் தொட்டு, "டொக்டர், கஞ்சி ஆறுது, வாங்க" என்றார். ஆறின கஞ்சியைக் குடிக்கும்போதுதான் கவனித்தேன், என் மேலங்கிப் பைக்குள், நான் பாங்குக்கு எடுத்த பேரீத்தம்பழம் நசுங்கிப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிள்ளையை வார்டுக்கு மாற்றினார்கள். சில மணித்தியாலங்களுக்கு ஒருதரம் நீலப் பம்பைக் குடுவையில் வைத்துக் கொடுக்க வேண்டும், முட்டு திரும்ப வரலாம், கவனம் என்று சொல்லி அனுப்பினேன். வார்டில் சனம் பிதுங்கியது. பம்பை உம்மாவின் கையிலேயே கொடுத்து, நேரத்துக்கு நேரம் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டால் அவரும் அடித்துவிட்டேன் என்பார். படித்த பெண், பிள்ளையின் உம்மா, யார்தான் சந்தேகப்படுவார்கள்?

அடுத்த நாள் எனக்குப் பின்நேரம்தான் வேலை. ஆனால் மனம் கேட்கவில்லை. வேலைக்குப் போகும் முன், அசர் தொழுகை முடிந்து சனங்கள் பள்ளியால் வந்துகொண்டிருந்த நேரம், வார்டுக்கு ஏறினேன். கைப்பையில் என் தண்ணீர்ப் போத்தல் இருந்தது, வழக்கம் போலப் புத்தகத்துக்கும் துவாய்க்கும் நடுவில் ஒளித்து. எனக்கு அன்றும் நோன்பு இல்லை.

தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை கட்டிலில் நிமிர்ந்து, இரண்டு கையையும் முன்னால் ஊன்றிக்கொண்டு இருந்தாள். தொண்டைக் குழி உள்ளே போய் வந்தது. கட்டிலுக்குக் கீழே பகல் சாப்பாட்டுத் தட்டு, மூடியபடி. உம்மா பக்கத்தில், கையில் நீலப் பம்பும் குடுவையும். பொருத்தி, ஆயத்தமாக. கண் ஜன்னலில் இருந்தது. வெளியே வெயில் இன்னும் மஞ்சளாகவே அடித்தது.

"என்ன இது?" என்றேன்.

உம்மா எழும்பி நின்றுவிட்டார். "அவ இண்டைக்கும் நோம்பு டொக்டர். நான் வேணாம் எண்டுதான் சொன்னன், அல்லாவறிய. பக்கத்துக் கட்டில் ஆக்கள் சஹருக்கு எழும்பக்குள்ள அவவும் எழும்பிட்டா. பம்ப வாய்க்குக் கிட்டக் கொண்டு போனா வாயத் தொறக்கிறா இல்ல. அழுறா. அழுதா இன்னும் இழுக்குது." பம்பை எனக்குக் காட்டினார், எல்லாம் சரியாகத்தான் வைத்திருக்கிறேன் என்பது போல. "பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் டொக்டர். பாங்கு சொன்ன ஒடன அடிச்சிடுவன்."

நேற்று இந்தப் பிள்ளையை நாங்கள் எங்கே இருந்து இழுத்து வந்தோம் என்பது நேற்றோடேயே முடிந்துவிட்டது. யாரைத் திட்டுவது? உம்மாவையா? வார்டையா? கேட்டுக் கேட்டே இந்தப் பிள்ளையை இப்படி ஆக்கி வைத்திருக்கிற ஊரையா? பம்பைப் பறித்து, கட்டிலில் இருந்து, "வாயத் தொற" என்றேன். பிள்ளை உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். "ஒனக்கு நோம்பு கடமையே இல்ல மகள். வருத்தக்காரருக்கு அல்லாஹ் விட்டிருக்கான்." தலையை ஆட்டினாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. பெரிய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் ஒருவரும் விடுவதில்லையே என்று அந்தக் கண் சொன்னது போல இருந்தது. அதில் பிழையும் இல்லை. தன் வாழ்நாளில் ஒரு பெரிய ஆள் நோன்பை விட்டதை அந்தப் பிள்ளை எங்கே கண்டாள்? நாங்கள்தான் ஒருவரையும் காணவிட்டதில்லையே.

நான் கைப்பையைத் திறந்தேன். துவாயை எடுத்துக் கட்டிலில் போட்டேன், புத்தகத்தைப் போட்டேன், போத்தலை எடுத்து மூடியைத் திருகினேன். வார்டு நிறைந்த பெண்கள், அத்தனை பேரும் நோன்பாளிகள், பார்த்துக்கொண்டிருக்க, ஜன்னல் வெயிலில் இருந்துகொண்டு மடமடவென்று குடித்தேன். தண்ணீர் வாயோரத்தால், நாடியால் வழிந்து சட்டையில் பட்டது. துடைக்கவும் இல்லை.

"அஸ்தஃபிருல்லாஹ்" என்றது எதிர்க் கட்டில். யாரோ தன் பிள்ளையின் முகத்தை மறுபக்கம் திருப்பினார்கள்.

"பாரு" என்றேன் பிள்ளையிடம். "நானும் இண்டைக்கு நோம்பு இல்ல. அல்லாஹ் எனக்கு லீவு தந்திருக்கான். ஒனக்கும்தான் தந்திருக்கான். வேற நாளைக்குப் புடிப்பம், நானும் நீயும்."

பிள்ளை வாயைப் பிளந்தாள். என் பேச்சை ஏற்றுக்கொண்டு திறக்கவில்லை, அது எனக்குத் தெரியும். பகலில் தண்ணீர் குடிக்கிற ஒரு டொக்டரைக் கண்ட அதிர்ச்சியில் திறந்தாள். எப்படித் திறந்தால் என்ன! குடுவையை வாயில் வைத்தேன், பம்பை அமுக்கினேன். "இழு. மெதுவா. இன்னொருக்கா." பிள்ளை பழக்கத்தில் இழுத்தாள். நான் முதல் நாள் செய்து காட்டிய மாதிரியே, பிசகாமல் இழுத்தாள். திரும்பவும் அமுக்கினேன். திரும்பவும் இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஊன்றிய கை தளர்ந்தது. தலையணையில் சாய்ந்தாள்.

சாய்ந்துகொண்டு போத்தலைப் பார்த்தாள். பிறகு உம்மாவைப் பார்த்தாள்.

"உம்மாவும் குடிக்கிறவ" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு சொல்லுக்கு ஒருதரம் நின்று. "குசினிக்குள்ள. கதவச் சாத்திட்டு. நான் கண்டன். ஆருக்கிட்டயும் சொல்லல்ல."

எதிர்க் கட்டிலில் முணுமுணுப்பு நின்றுவிட்டது. அங்கே இருந்த ஒவ்வொரு பெண்ணும் தன் தன் குசினிக் கதவை நினைத்திருப்பாள்.

"ஏலாட்டி விடலாம் எண்டா," என்றாள் பிள்ளை, "என்னத்துக்கு உம்மா ஒளிச்சுக் குடிக்கிற? விட்டா வெக்கம் எண்டுதானே நான் விடாம இரிந்த?"

போத்தலின் மூடி இன்னும் என் கைக்குள்ளேயே இருந்தது.

உம்மா மெல்லக் குனிந்து கட்டிலுக்குக் கீழே இருந்த சாப்பாட்டுத் தட்டை எடுத்து மேலே வைத்தார். பிறகு என் கையில் இருந்து பம்பை வாங்கிக் குலுக்கினார்.

"இன்னும் அடிக்கணுமா டொக்டர்?"

"ஓம்" என்றேன்.

குடுவையைப் பிள்ளையின் வாயில் வைத்து, நான் காட்டிய படியே, எல்லோரும் பார்க்க அமுக்கினார். பிள்ளை இழுத்தாள். ஜன்னலில் வெயில் அப்படியே இருந்தது. பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.